என் கையெழுத்தில் அக்கா எழுதியது

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. முத்து முத்தான எழுத்து. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இத்தனை சுத்தமாகச் செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு மருந்துக் கிடங்கின் குளிர் அறைக்குப் பொறுப்பாக ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். இன்சுலின், தடுப்பூசி, கண்ணுக்கு விடும் சில சொட்டு மருந்து, எல்லாம் என் பராமரிப்பில் இருந்தன. இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் கெட்டுப்போகும், எட்டுக்கு மேலே ஏறினாலும் கெட்டுப்போகும். மாப்பிள்ளை வீட்டாரைக்கூட இவ்வளவு தாங்க வேண்டியதில்லை. அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தது என் அக்கா. அதே கிடங்கின் முன்பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குள், எந்த வண்டிக்கு எந்தச் சரக்கு என்று பிரித்து அனுப்பும் மேசை அவளுடையது. என்னைவிட ஆறு வயது பெரியவள். எழுத்தில் புலி. கிடங்கில் யாருக்கு லீவு லெட்டர் வேண்டுமென்றாலும் அவளிடம்தான் போய் நிற்பார்கள்.

குளிர் அறைக்குள் பேச்சு எடுபடாது. கம்ப்ரஸர் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். தடித்த ஜாக்கெட், குல்லா, கையுறை. என் வலது கையுறையில் கட்டைவிரல் நுனியை மட்டும் வெட்டி வைத்திருந்தேன், போனைத் தொடுவதற்கு. சுவரில் ஓர் இன்டர்காம் உண்டு. அதன் மேல் நான் துண்டு காயப்போடுவேன். எல்லா உத்தரவும் போனில்தான். அக்கா "எடு 40" என்று கிடங்கின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். நான் நாற்பது பெட்டியை வெளியே தள்ளிவிட்டு ஒரு கட்டைவிரல் படம் போடுவேன். "வை 12" என்பாள். வைப்பேன், கட்டைவிரல். ஒன்பது வருட உத்தியோகத்தை இந்த இரண்டு வரியில் அடக்கிவிடலாம்.

சின்ன வயதில் வீட்டில் எனக்கு ரேடியோ என்று பெயர். வைத்ததே அக்காதான். பள்ளிக்கூடத்தில் நடந்ததை வாசல்படியில் ஆரம்பித்தால் சாப்பாட்டுத் தட்டு கழுவுகிறவரை ஓயமாட்டேன். அந்த ரேடியோ எந்த வருடம் நின்றது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்கு "டீ" என்று மெசேஜ் போடுகிற அளவுக்கு வந்துவிட்டேன். வங்கியில் ஒருநாள் என் கார்டுக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாமல், போனில் தட்டி, கவுண்ட்டர் பெண்ணின் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அவள் என்னை வாய் பேச முடியாதவள் என்று நினைத்துக்கொண்டு கையால் சைகை காட்ட ஆரம்பித்தாள். நானும் சைகையிலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வேலை முடிந்ததே.

படிப்பதும் அப்படித்தான் ஆகிவிட்டது. நாலு வரிக்கு மேல் போகும் எந்த மெசேஜிலும் என் கண் வழுக்கிக்கொண்டு அடிமட்டத்துக்குப் போய்விடும். போனதும் விரல் தானாக ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடும். அனுப்பியவருக்குத் திருப்தி, எனக்கும் நிம்மதி.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா "எடு 40" என்று போட்டாள். இன்சுலின் பெட்டிகள். குளிரூட்டும் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு தள்ளுவண்டியில் ஏற்றி, பிளாஸ்டிக் திரையைத் தாண்டி, வெளிமேடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். கட்டைவிரல் போட்டேன். உள்ளே இருப்பு சரிபார்க்கும் வேலை கிடந்தது, திரும்பிவிட்டேன். வண்டியின் கதவு மூடுகிறவரை கூட நிற்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. இரண்டு மூன்று வருடமாக அதை யாரும் மதிப்பதில்லை, நானும் மதிக்கவில்லை. அது என் தப்பு. அதை நான் எங்கேயும் மறைக்கவில்லை.

ஒரு மணிக்கு வண்டிக்காரர் வந்து பெட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். இருபத்தாறு டிகிரி. மூன்று மணி நேரம் நாற்பது பெட்டியும் வெயில் அடிக்கும் மேடையில் நின்றிருக்கின்றன. காலையில் வாசலுக்கு வந்த வண்டியில் குளிரூட்டி வேலை செய்யவில்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம், மாற்று வண்டி ஒரு மணிக்குத்தான் வந்ததாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பது பெட்டி மருந்தையும் அழிப்பதற்கு ஒதுக்கினார்கள். யாரோ ஊசி போட்டுக்கொண்டு பிழைக்க வேண்டிய மருந்து. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் எங்கள் இரண்டு பேரிடமும் விளக்கம் கேட்டார். ஒரு பக்கத்துக்குக் குறையாமல், சொந்தக் கையெழுத்தில். டைப் அடித்தது செல்லாது. அவர் ஒரு காகிதப் பிரியர். நிதானமானவர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பாதி விஷயத்தை யோசித்து முடித்துவிடுவார். அலட்சியம் என்று முடிவானால் வேலை போகும். அந்தக் காரணத்தோடு வெளியே போனால் வேறெந்த மருந்துக் கிடங்கிலும் வாசல்படி ஏற முடியாது. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

நான் எழுத உட்கார்ந்தேன். "10 மணி. பெட்டி எடுத்தேன். வண்டி வரல." மூன்று வரி. அதற்கு மேல் என்ன எழுதுவது? நடந்தது முழுக்கத் தலைக்குள் இருந்தது, ஆனால் எதற்குப் பிறகு எதைச் சொல்வது, எதை எதோடு கோப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அக்கா வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, காய்கறி லிஸ்டா?"

"எனக்கு இதுதான் வருது அக்கா."

"மேனேஜர் கையில இதைக் குடுத்தா உன்னை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. சரி, விடு. நான் எழுதி அனுப்பறேன். நீ அதை அப்படியே பாத்து எழுதிடு. சொந்தக் கையெழுத்துல இருக்கணும், அவ்வளவுதானே?"

அவள் காலில் விழாத குறை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

சாயங்காலம் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. பெரிது. கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. "படிச்சுப் பாத்துச் சொல்லு" என்று கடைசியில் போட்டிருந்தாள். நான் கட்டைவிரல் போட்டேன். மறுநாள் காலையில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதினேன். மூன்று மூன்று வார்த்தையாகப் பார்ப்பேன், காகிதத்தில் இறக்குவேன், மறுபடி பார்ப்பேன். எழுத்து கோணாமல் இருக்க வேண்டும், எதையும் விடக்கூடாது, கவலை முழுக்க அதில்தான். பேனா பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று விரல் வலித்தபோதுதான் தெரிந்தது. அர்த்தம் என்று ஒன்று அந்த வார்த்தைகளுக்குள் இருந்திருக்கும், அது என் பக்கம் வரவே இல்லை. பெரிய பெரிய சொல்லாக இருந்தது, கோர்ட்டு மாதிரி இருந்தது, அதனால் நமக்கு நல்லதுதான் என்று நினைத்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. மேனேஜர் ஒரு பக்கம், எதிரே நான், எனக்குப் பக்கத்தில் அக்கா. மேனேஜர் என் காகிதத்தை எடுத்து வாய்விட்டு வாசித்தார்.

"வண்டி தாமதமாகும் என்ற விவரம் இன்டர்காம் வாயிலாக எனக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்பட்டிருந்தும், உள்ளே இருப்பைச் சரிபார்க்கும் பணியில் ஈடுபட்டிருந்தமையால், பெட்டிகளைத் திரும்ப எடுத்து வைக்க இயலாமற்போனது."

நான் எழுதியதை நான் கேட்டது அப்போதுதான் முதல் தடவை.

இன்டர்காமா? யார் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்? அக்காவின் பக்கம் திரும்பினேன். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. தப்பாக எழுதிவிட்டாள், பாவம், அவசரத்தில் எழுதியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"இது நீங்க எழுதினதுதானே?" என்றார் மேனேஜர்.

"அது... ஆமா சார். ஆனா... வந்து..."

"சொல்லுங்க."

"இல்ல சார், அது வந்து... இன்டர்காம்ல... அப்படி இல்ல..."

என் கை தானாகப் பைக்குள் போய் போனைத் தேடியது. தட்டிக் காட்டினால் சொல்லிவிடுவேன் என்று ஒரு புத்தி. போனை வெளியே வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டிருந்தார்கள். நாக்கு கட்டையாகக் கிடந்தது. ஐந்து வயதுக் குழந்தைகூட "எனக்கு யாரும் சொல்லலை" என்று சொல்லிவிடும். மூன்றே மூன்று வார்த்தை. எனக்கு வரவில்லை.

அக்கா என் தோளில் கை வைத்தாள். "அவளுக்குப் பேச வராது சார். சின்னதுலேர்ந்தே கொஞ்சம் கூச்ச சுபாவம். வேணும்னு பண்ணலை. நான் இன்டர்காம்ல சொன்னேன், சரின்னா. உள்ள வேலைல மறந்துட்டா போல. முதல் தடவை, மன்னிச்சு விட்டுடுங்க."

சின்னதிலிருந்தே. ரேடியோ என்று எனக்குப் பெயர் வைத்தவள் சொல்கிறாள், சின்னதிலிருந்தே எனக்குப் பேச வராது என்று. நாற்பது பெட்டியை என் தலையில் கட்டியதைவிட அந்த ஒரு சொல்தான் எனக்கு அதிகமாக வலித்தது. கை இன்னும் என் தோளிலேயே இருந்தது.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். மன்னித்து விடும் உத்தேசம் அவருக்கு இல்லை. மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம், சொல்வதற்கு ஏதாவது இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம், இல்லாவிட்டால் அலட்சியத்துக்காக நீக்கம் என்று சொன்னார். ஜாக்கெட்டையும் கையுறையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நட்டநடு மத்தியானத்தில் நான் வீட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்து அம்மாவுக்குக் கலவரம். என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான், அக்கா, அம்மா மூன்று பேர் மட்டும் இருக்கும் குடும்பக் குழு கண்ணில் பட்டது. பொதுவாக அதை நான் திறப்பதில்லை. அம்மா அனுப்பும் பூப்படங்களுக்கு மொத்தமாக ஒரு கட்டைவிரல் போடுவதோடு சரி. மேலே தள்ளிக்கொண்டே போனேன். வெள்ளிக்கிழமை, காலை 10.14. அக்காவிடமிருந்து. "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது." அதன் கீழே அம்மா, கும்பிடும் கைகள் இரண்டு போட்டிருந்தாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை அக்கா என்ன போட்டிருந்தா இதுல?"

அம்மா கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "ஓ, அதுவா! அந்தக் கூத்தை ஏன் கேக்கற. 'வண்டி ஒரு மணிக்குத்தான், எல்லாத்தையும் திரும்ப உள்ள எடுத்து வை'ன்னு போட்டிருந்தா. நான் அன்னிக்குப் பழைய பேப்பர் வண்டிக்குன்னு எல்லாக் கட்டையும் வாசல்ல எடுத்து வச்சிருந்தேன். இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு ஆச்சரியமா இருந்துச்சு. இருந்தாலும் பெரியவ சொல்றாளேன்னு அவ்வளவு கட்டையும் திரும்பத் தூக்கி உள்ள வச்சேன். முதுகு விட்டுப்போச்சு. ஒரு மணிக்கு எந்த வண்டியும் வரலை."

நாற்பது பெட்டிக்கு வந்த உத்தரவை என் அம்மா பழைய பேப்பருக்கு நிறைவேற்றியிருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் சிரித்து உருண்டிருப்பேன். அன்றைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அவசரத்தில் குழு மாறிப் போட்டிருக்கிறாள். அது யாருக்கும் நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு மணிக்கு விஷயம் வெடித்ததும் பார்த்திருக்கிறாள், அழித்திருக்கிறாள். அழித்துவிட்டு, இன்டர்காமில் சொன்னேன் என்று கதை கட்டி, அந்தக் கதையை என் கையாலேயே எழுத வைத்திருக்கிறாள்.

அவளுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. "பிஸி. அப்புறம்" என்று மெசேஜ் வந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, சாயங்காலம் நேரே போய் நின்றேன். பிள்ளைகள் இரண்டும் டிவிக்கு முன்னால் இருந்தன. அடுக்களையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பேச்சில் ஒரு வரிகூட வாயில் நிற்கவில்லை.

"ஏன்... ஏன் அப்படி..." என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் குழாயை நிறுத்தவில்லை. "நான் என்னடி பண்ணேன்? படிச்சுப் பாத்துச் சொல்லுன்னுதானே அனுப்பினேன்? நீ கட்டைவிரல் போட்டே. பிடிக்கலைன்னா அப்பவே சொல்லியிருக்கணும்."

"நான் படிக்கலை."

"அது என் தப்பா?"

பிறகு குரலை இறக்கினாள். "எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு, உனக்கே தெரியும். இன்னொண்ணு வந்தா என்னை அனுப்பிடுவாங்க. உனக்கு இது முதல் தடவை. ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். இவ்வளவு தூரம் போகும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"அப்ப... போய்... உண்மையைச் சொல்லு."

அவள் ஒரு தட்டை மூன்றாவது தடவையாகக் கழுவினாள். நான் படிக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். விசாரணையில் வாய் திறக்கமாட்டேன் என்றும் தெரியும். என் பலவீனம் என்னவென்று அவளுக்கு அளவெடுத்துத் தெரியும், அதற்குச் சரியாகத் தைத்துப் போட்டுவிட்டாள். முன்பின் தெரியாதவர் யாராவது செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இது அக்கா. வீடு திரும்புகிற வழியில் எதிரே வந்தவர்கள் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் அழுதுகொண்டே நடந்தேன்.

மேனேஜரிடம் வந்து பேப்பர்க் கட்டு விஷயத்தைச் சொல்லச் சொல்லி அம்மாவைக் கேட்டேன். "ரெண்டு கண்ணுல எந்தக் கண்ணைக் குத்திக்கச் சொல்றே?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதோடு அந்தக் கதவும் அடைந்தது.

மிச்சம் ஆறு நாள் இருந்தது. கடைக்குப் போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். "நான்" என்று எழுதினேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வழி தோன்றியது. போனில் குரலைப் பதிவுசெய்து, பிறகு அதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். என் குரலை நானே கேட்பது பெரிய தண்டனை. பத்து நிமிடப் பதிவில் "அது வந்து" மட்டும் நாற்பது இருந்தது. பெட்டிக்கு ஒன்று போல. எங்கே நின்றேன், அப்போது மணி என்ன, கையில் என்ன இருந்தது என்று என்னையே குறுக்குவிசாரணை செய்துகொண்டேன். முதல் நாள் ஆறு வரி. இரண்டாம் நாள் அதில் நான்கை அடித்தேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் வந்தது, படித்துப் பார்த்தபோது அது நடந்தது மாதிரியே இருந்தது. உட்கார்ந்த இடத்தில் ஒரு துள்ளு துள்ளினேன். ஆறாம் நாள் மத்தியானம் எட்டுப் பக்கம் முடிந்தது. வண்டிக்கதவு மூடுகிறவரை நிற்காத என் தப்பையும் எழுதினேன், அம்மாவின் பேப்பர்க் கட்டையும் எழுதினேன், 10.14ஐயும் எழுதினேன். ஒரு சொல்கூட யாரையும் கேட்டு எழுதவில்லை.

ஏழாம் நாள் மேனேஜர் எட்டுப் பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். இரண்டு தடவை பின்னால் திருப்பிப் பார்த்தார். அவர் டீ ஆறிப் போயிற்று. நான் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை விசாரணை இல்லை என்பதால் போன் என்னிடமே இருந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கு," என்றார். "யார் எழுதிக் குடுத்தாங்க?"

"நான்தான் சார்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து வைத்தார். குழுவில் நான் போட்டவை. எடுத்தாச்சு, வச்சாச்சு, சரி, ம், கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். பக்கம் பக்கமாக.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இதுவும் நீங்க, அதுவும் நீங்கன்னா நான் எப்படி நம்பறது? போன திங்கக்கிழமை இதே நாற்காலில உக்காந்து உங்களால ஒரு வரி சொல்ல முடியலை. அழிச்ச மெசேஜ்ல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? உங்க அக்காவும் முந்தாநாளே சொல்லிட்டாங்க. யாராவது வக்கீலைப் பிடிச்சுக் கதை எழுதிட்டு வருவா, நம்பிடாதீங்க சார்ன்னு."

முந்தாநாள். நான் ஐந்தாவது பக்கத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாள். ஒருமுறை என் கையை எடுத்துக்கொண்டாள், போதாது என்று, நான் சொந்தமாக எழுதப்போவதையும் முன்கூட்டியே பொய்யாக்கிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த நிமிடம் ஒரு கோபம் கிளம்பி வந்தது பாருங்கள், அதற்கு முன்னால் நாக்கின் தடை எதுவும் நிற்கவில்லை.

"பேப்பரை மூடி வைங்க சார். வாயால சொல்றேன். அக்காவையும் கூப்பிடுங்க. அவ முன்னாடியே சொல்றேன்."

அக்கா வந்து மேசையின் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். நான் ஆரம்பித்தேன். நன்றாகப் பேசினேன் என்று சொல்லமாட்டேன். நாலு இடத்தில் மாட்டிக்கொண்டேன். "அது வந்து" ஏகப்பட்டது வந்தது. ஆனால் மாட்டிய இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்துக்கொண்டு போனேன். எடு 40 என்று வந்தது, தள்ளுவண்டி, மேடை, இன்டர்காம் மேல் ஈரத்துண்டு. அம்மா பேப்பர்க் கட்டைத் தூக்கி உள்ளே வைத்த இடத்தில் மேனேஜர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததும் அவர் முகம் மாறியது. இதை எந்த வக்கீலும் கற்பனை பண்ணமாட்டான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், துடைக்கவில்லை.

அக்கா தலையைக் குனிந்திருந்தாள். அவள் கைகள் மேசைக்கு அடியில் இருந்தன. என் மடியில் போன் அதிர்ந்தது.

பழக்க தோஷம், பார்த்தேன். அக்காதான். கையை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அனுப்பியிருக்கிறாள். மூன்று வரி. இந்தத் தடவை முழுக்கப் படித்தேன்.

"என்ன?" என்றார் மேனேஜர்.

அக்காவைப் பார்த்தேன். லேசாகத் தலையை ஆட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது, அது நடிப்பில்லை. அவள் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு கணம் என் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். போனை அணைத்து மடியில் கவிழ்த்துவிடலாம் என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. பொய் சொல்லவில்லை, தோன்றியது.

"அக்கா எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கா சார். படிக்கறேன்."

வாசித்தேன். நிறுத்தி, நிதானமாக, ஒரு சொல் விடாமல்.

"நிறுத்துடி. சரியா ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. நான்தான் அழிச்சேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். உன் கால்ல விழறேன்."

மேனேஜர் கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை தானே படித்துக்கொண்டார்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்த ஒரு வாரமும் அவளை நினைத்தபோதெல்லாம் என் கண்ணில் இருந்த அதே பார்வை, நம்பி ஏமாந்தவளின் பார்வை.

"உன்னை நம்பித்தானேடி அனுப்பினேன்," என்றாள்.

அதை மட்டும் வாய் திறந்து சொன்னாள்.